கடல் கடக்கும் செல்லப்பிராணிகள்: கதவை அடைப்பது யார்?

நமது நாடாளுமன்ற நிருபர்

புது தில்லி: வெளிநாட்டில் வேலை கிடைத்து, விசாவும் கைக்கு வந்துவிட்ட ஒருவர் வீட்டைக் காலி செய்து, பிள்ளைகளின் பள்ளி மாற்றுச் சான்றிதழைப் பெற்று, குடும்பத்துடன் விமானம் ஏற இரண்டு மாத அவகாசம் போதும். அவர் வீட்டு நாய்க்கு அந்த அவகாசம் போதாது. போகும் நாடு ஐரோப்பாவில் இருந்தால் குறைந்தது நான்கு மாதம். ஜப்பான் என்றால் ஆறு மாதத்திற்கும் மேல். ஆஸ்திரேலியா என்றால் இங்கிருந்து நேரே செல்லவே வழியில்லை.

பெருநகரங்களின் நடுத்தரக் குடும்பங்களில் நாயும் பூனையும் குடும்ப உறுப்பினர்களாகிவிட்ட காலம் இது. தகவல் தொழில்நுட்பப் பணிக்காகவும், உயர் கல்விக்காகவும், தூதரகப் பணிக்காகவும் தில்லி, சென்னை, பெங்களூரு, ஹைதராபாத் நகரங்களிலிருந்து வெளிநாடு செல்வோர் பலர். அவர்களில் செல்லப்பிராணியையும் உடன் அழைத்துச் செல்ல முனைவோர் சந்திக்கும் சிரமங்களை விமானக் கட்டணம், அலுவலகத் தாமதம் என்று மட்டும் கருதிவிட முடியாது. அச்சிரமங்களின் வேர் வேறிடத்தில் இருக்கிறது. இந்திய நாய் ஒன்றின் முன் பிற நாடுகள் கதவை அடைப்பதற்குக் காரணம், 'ரேபிஸ்' எனப்படும் வெறிநாய்க்கடி நோய். அதை ஒழிக்கத் தவறிய நமது பொதுச் சுகாதாரம்தான் அந்த நாயின் பயணத்தை முடிவு செய்கிறது.

சான்றிதழ்களின் வரிசை

பயண ஏற்பாடு, நாயின் தோலுக்கடியில் 15 இலக்க எண் கொண்ட 'மைக்ரோசிப்' ஒன்றைப் பொருத்துவதில் தொடங்குகிறது. அதன் பிறகே ரேபிஸ் தடுப்பூசி. சிப் பொருத்துவதற்கு முன்னர் போடப்பட்ட ஊசியைப் பல நாடுகள் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. எந்த நாய்க்கு ஊசி போடப்பட்டது என்பதற்கு அப்போது சான்றில்லை என்பதே காரணம். இந்த வரிசை தெரியாமல் முதலில் ஊசி, பிறகு சிப் என்று செய்தவர்கள் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதாகிறது.

அடுத்தது ரத்தப் பரிசோதனை. தடுப்பூசி உண்மையில் வேலை செய்திருக்கிறதா என்பதை ரத்தத்தில் உள்ள எதிர்ப்பொருளின் அளவைக் கொண்டு கணக்கிடுகிறார்கள். ஒரு மில்லிலிட்டருக்கு 0.5 சர்வதேச அலகு என்பது குறைந்தபட்ச வரம்பு. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2013-ம் ஆண்டு விதிமுறையின்படி, தடுப்பூசி போட்டு 30 நாள்கள் கழிந்த பிறகே ரத்தம் எடுக்க வேண்டும். ரத்தம் எடுத்த நாளிலிருந்து மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். பரிசோதனையை ஒன்றியம் அங்கீகரித்த ஆய்வகத்தில் மட்டுமே செய்யலாம். ஐரோப்பாவின் பட்டியலில் இடம்பெற்ற அமெரிக்கா, ஜப்பான், சிங்கப்பூர், ஐக்கிய அரபு அமீரகம் முதலான நாடுகளிலிருந்து வரும் நாய்க்கு இந்தப் பரிசோதனையும் இல்லை, காத்திருப்பும் இல்லை. அந்தப் பட்டியலில் இந்தியா இல்லை.

இவையெல்லாம் முடிந்த பிறகு, மத்திய கால்நடை பராமரிப்பு மற்றும் பால்வளத் துறையின்கீழ் இயங்கும் விலங்குகள் தனிமைப்படுத்தல் மற்றும் சான்றளிப்பு நிலையத்தை அணுக வேண்டும். தில்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை, பெங்களூரு, ஹைதராபாத் ஆகிய ஆறு நகரங்களில் இந்நிலையங்கள் உள்ளன. நாயை நேரில் பரிசோதித்து ஏற்றுமதிச் சுகாதாரச் சான்றிதழ் வழங்குவது இவற்றின் பணி. ஐரோப்பாவுக்கான சான்றிதழ் கையெழுத்தான நாளிலிருந்து 10 நாள்களுக்குள் எல்லையைக் கடந்தாக வேண்டும். மாதக்கணக்கில் நீளும் ஏற்பாடு, கடைசியில் நாள்கணக்கில் நெருக்குகிறது.

நாட்டுக்கொரு விதி

ரேபிஸ் இல்லாத தீவு நாடுகள் மற்றவற்றைவிடக் கண்டிப்பானவை. பிரிட்டன் பல பத்தாண்டுகளாக வெளிநாட்டு நாய்களை ஆறு மாதம் தனிமையில் அடைத்து வைத்தது. 2000 பிப்ரவரி 28-ல் தொடங்கிய 'செல்லப்பிராணிப் பயணத் திட்டம்' ஐரோப்பிய நாடுகளுக்கு அந்தத் தடையை நீக்கியது. இந்தியா போன்ற நாடுகளுக்கு 2012 ஜனவரி 1 வரை ஆறு மாதத் தனிமை தொடர்ந்தது. அதன் பிறகே ரத்தப் பரிசோதனையும் மூன்று மாதக் காத்திருப்பும் போதும் என்றானது.

ஆஸ்திரேலியா தனது விதிகளை 2023 மார்ச் மாதம் மேலும் இறுக்கியது. அங்கு செல்லும் நாயும் பூனையும் மெல்போர்ன் அருகே மிக்கில்ஹாமில் உள்ள அரசுத் தனிமை மையத்தில் 30 நாள்கள் இருக்க வேண்டும். விலங்கின் அடையாளத்தை அரசுக் கால்நடை மருத்துவர் முன்கூட்டியே உறுதி செய்திருந்தால் 10 நாள்கள். இந்தியா அங்கீகரிக்கப்பட்ட நாடு அல்ல என்பதால், வேறொரு அங்கீகரிக்கப்பட்ட நாட்டின் வழியாகவே செல்ல வேண்டும்.

அந்நாடு இதில் ஆள் பார்ப்பதில்லை. ஹாலிவுட் நடிகர் ஜானி டெப்பின் இரு நாய்கள் 2015-ல் தனி விமானத்தில் அறிவிப்பின்றி ஆஸ்திரேலியாவுக்குள் வந்தன. நாட்டைவிட்டு வெளியேற்றாவிட்டால் அவற்றைக் கொன்றுவிட நேரும் என்று அன்றைய வேளாண் அமைச்சர் பர்னபி ஜாய்ஸ் கெடு விதித்தார். நாய்கள் திரும்பிப் போயின. எல்லை ஆவணத்தில் தவறான தகவல் அளித்ததாக டெப்பின் அன்றைய மனைவி ஆம்பர் ஹெர்ட் 2016-ல் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார்.

தமிழ்க் குடும்பங்கள் பெரிதும் நாடிச் செல்லும் அமெரிக்கா ஒரு காலத்தில் எளிதான நாடாக இருந்தது. 2021 ஜூலையில், ரேபிஸ் அபாயம் மிகுந்தவை என்று வகைப்படுத்தப்பட்ட நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து நாய்களைக் கொண்டுவர அமெரிக்க நோய்க் கட்டுப்பாடு மற்றும் தடுப்பு மையம் தற்காலிகத் தடை விதித்தது. அப்பட்டியலில் இந்தியாவும் இடம்பெற்றது. 2024 ஆகஸ்ட் 1 முதல் தடைக்குப் பதிலாகப் புதிய விதிகள் வந்தன. அவற்றின்படி நாய்க்குக் குறைந்தது ஆறு மாத வயது ஆகியிருக்க வேண்டும். இந்தியாவில் தடுப்பூசி போட்ட நாய்க்கு அரசுக் கால்நடை மருத்துவர் ஒப்பமிட்ட படிவம் தேவை. நியூயார்க், வாஷிங்டன், பிலடெல்பியா, அட்லாண்டா, மயாமி, லாஸ் ஏஞ்சலிஸ் ஆகிய ஆறு நகரங்களின் விமான நிலையங்கள் வழியாகவே அது நுழைய முடியும். அங்குள்ள விலங்குப் பராமரிப்பு மையத்தில் முன்பதிவும் செய்திருக்க வேண்டும். செல்லத்தக்க ரத்தப் பரிசோதனைச் சான்று இல்லாவிட்டால் 28 நாள் தனிமை. சான் பிரான்சிஸ்கோவுக்கோ டல்லாஸுக்கோ சிகாகோவுக்கோ குடிபெயர்கிறவர், நாய்க்காக முதலில் இந்த ஆறில் ஒன்றில் இறங்கியாக வேண்டும். பூனைகளுக்கு இந்த விதிகள் இல்லை.

பறவை வளர்ப்போரின் நிலை வேறு. நம் வீடுகளில் கூண்டில் காணப்படும் பச்சைக்கிளி, 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி வளர்ப்பதற்கே உரியதல்ல. வெளிநாட்டுக்குக் கொண்டு செல்வது பற்றிய பேச்சுக்கே இடமில்லை. வெளிநாட்டு இனக் கிளிகளில் பெரும்பாலானவை, அருகிவரும் உயிரினங்களின் சர்வதேச வர்த்தகம் குறித்த உடன்படிக்கையின்கீழ் வருகின்றன. இந்தியா 1976 முதல் அதில் உறுப்பு நாடு. தனி அனுமதி இன்றி அவற்றை எல்லை தாண்டிக் கொண்டுசெல்ல இயலாது.

ஆவணங்கள் சரியாக இருந்தாலும் பயணம் எல்லா நாய்க்கும் ஒன்றல்ல. 2003-ல் ஹட்ச் செல்லிடப்பேசி விளம்பரத்தில் சிறுவனின் பின்னால் நடந்து வந்த 'பக்' இன நாயை நாடு முழுவதும் விரும்பி வாங்கியது. தட்டை முகம் கொண்ட இந்த இனத்துக்கு மூச்சுவிடுதலே சிரமம். வெப்பமும் பதற்றமும் சேர்ந்தால் விமானத்தில் உயிருக்கே ஆபத்து. 2005 மே முதல் ஐந்தாண்டுகளில் அந்நாட்டு விமானப் பயணங்களில் இறந்த 122 நாய்களில் ஏறத்தாழ பாதி தட்டை முக இனங்கள் என்று அமெரிக்கப் போக்குவரத்துத் துறை 2010-ல் அறிவித்தது. பல விமான நிறுவனங்கள் இவ்வினங்களைச் சரக்கறையில் ஏற்ற மறுப்பதற்கு இதுவே காரணம்.

54-ஆ, 5,726-ஆ?

இத்தனை கெடுபிடிக்கும் காரணமான நோயின் இந்தியக் கணக்கு என்ன? நாடாளுமன்றத்தில் இக்கேள்வி அடிக்கடி எழுப்பப்படுகிறது. பதில்கள்தாம் ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை.

2024-ல் நாடு முழுவதும் 37,17,336 நாய்க்கடிச் சம்பவங்கள் பதிவாகியுள்ளன. ரேபிஸால் நிகழ்ந்ததாகச் சந்தேகிக்கப்படும் மனித உயிரிழப்பு 54 என்று மத்திய கால்நடை பராமரிப்புத் துறை இணை அமைச்சர் எஸ்.பி. சிங் பகேல் 2025 ஜூலையில் தெரிவித்தார். ஆனால், உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி இந்தியாவில் ஆண்டுதோறும் 18,000 முதல் 20,000 பேர் வரை ரேபிஸால் இறக்கின்றனர். உலக இறப்புகளில் இது 36 சதவீதம். 15 மாநிலங்களில் 60 மாவட்டங்களில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் நடத்திய வீடுவீடான ஆய்வு, 'லான்செட்' குழும மருத்துவ இதழில் 2024-ல் வெளியானது. அதன் மதிப்பீடு ஆண்டுக்கு 5,726 உயிரிழப்புகள்.

54-க்கும் 5,726-க்கும் இடையே நூறு மடங்குக்கும் மேற்பட்ட வித்தியாசம். மருத்துவமனைப் பதிவேட்டில் ஏறியவர்கள் மட்டுமே முதல் எண்ணிக்கையில் இருக்கிறார்கள். நோய் முற்றிய பிறகு மருத்துவமனையால் பயனில்லை என்று வீட்டுக்குத் திருப்பி அனுப்பப்பட்டவர்களும், கடித்ததைப் பெற்றோரிடம் சொல்லாமல் மறைத்த குழந்தைகளும் அதில் இல்லை. ரேபிஸ் அறிகுறி தோன்றிவிட்டால் பிழைப்பது ஏறக்குறைய இயலாது. கடித்தவுடன் போடப்படும் ஊசி மட்டுமே காப்பு. பாதிக்கப்படுவோரில் பெரும் பங்கினர் 15 வயதுக்குட்பட்டோர் என்பதை எந்த அமைச்சகமும் மறுக்கவில்லை.

வெளிநாட்டு அரசுகள் நமது 54-ஐ நம்பி விதி வகுப்பதில்லை. நோய்க் கண்காணிப்பு எப்படி இருக்கிறது, தெருநாய்களில் எத்தனைக்குத் தடுப்பூசி போடப்பட்டுள்ளது, ஆய்வக உறுதிப்பாடு உண்டா என்று பார்த்தே பட்டியல் தயாரிக்கின்றன. அவையில் வாசிக்கப்பட்டு அவைக் குறிப்பில் உறங்கும் ஓர் எண்ணுக்கு விமான நிலையத்தில் மதிப்பில்லை.

செய்ய முடியாததும் அல்ல இது. கோவாவில் மாநில அரசும் தன்னார்வ அமைப்பும் இணைந்து, ஆண்டுதோறும் 70 சதவீத நாய்களுக்குத் தடுப்பூசி என்ற இலக்குடன் வீதி வீதியாகச் சென்றன. 2018, 2019 ஆண்டுகளில் அங்கு மனித ரேபிஸ் மரணம் பதிவாகவில்லை. நாய்களிடையே நோய் 92 சதவீதம் குறைந்ததாக 2022-ல் வெளியான ஆய்வு கூறுகிறது. ஆயினும் கோவாவிலிருந்து புறப்படும் நாய்க்கும் உத்தரப் பிரதேசத்திலிருந்து புறப்படும் நாய்க்கும் வெளிநாட்டில் விதி ஒன்றுதான். பட்டியலில் இடம்பெறுவது மாநிலம் அல்ல, நாடு.

1898-ம் ஆண்டுச் சட்டம்

விலங்குகள் எல்லை கடப்பது குறித்து இந்தியாவில் இன்றும் நடைமுறையில் உள்ளது ஆங்கிலேயர் இயற்றிய 1898-ம் ஆண்டுக் கால்நடை இறக்குமதிச் சட்டம். 2001-ல் அது திருத்தப்பட்டது. பெயரே உணர்த்துவதுபோல, உள்ளே வருவதை ஒழுங்குபடுத்துவதுதான் அதன் நோக்கம். வெளியே செல்லும் விலங்கின் உரிமையாளருக்கு எத்தனை நாளில் சான்று தரப்பட வேண்டும், மறுத்தால் யாரிடம் முறையிடுவது என்பதற்கெல்லாம் அதில் இடமில்லை.

இச்சட்டத்துக்குப் பதிலாகப் புதிய மசோதா ஒன்றின் வரைவை மத்திய அரசு 2023 ஜூனில் வெளியிட்டது. இறக்குமதியுடன் ஏற்றுமதியையும் உள்ளடக்கிய அவ்வரைவு, மாடு, ஆடு, குதிரையுடன் நாயையும் பூனையையும் 'கால்நடை' என்ற ஒரே சொல்லில் அடக்கியது. உயிருள்ள விலங்குகளை இறைச்சிக்காகவும் ஆய்வுக்காகவும் ஏற்றுமதி செய்ய இது வழிவகுக்கும் என்று விலங்கு நல அமைப்புகளும் சமய அமைப்புகளும் கொதித்தெழுந்தன. கருத்துக் கூற அளிக்கப்பட்ட அவகாசமோ 10 நாள்கள். சில நாள்களிலேயே வரைவு திரும்பப் பெறப்பட்டது.

எதிர்ப்பில் நியாயம் இருந்தது. ஆனால், வீட்டுப் பிராணியையும் வணிகக் கால்நடையையும் தனித்தனியே பிரித்து எழுதியிருந்தால் தவிர்த்திருக்கக்கூடிய எதிர்ப்பு அது. வரைவுடன் சேர்ந்து, செல்லப்பிராணி உரிமையாளர்களுக்குச் சட்டப்பூர்வமான நடைமுறை கிடைக்கும் வாய்ப்பும் போயிற்று.

அரசு மனம் வைத்தால் விதி வளையும் என்பதற்கும் உதாரணம் உண்டு. 2021 ஆகஸ்டில் காபூல் தலிபான்கள் வசமானபோது, இந்தியத் தூதரகத்தைக் காத்த இந்தோ-திபெத் எல்லைக் காவல் படை வீரர்களுடன் மாயா, ரூபி, பாபி என்ற மூன்று மோப்ப நாய்களும் விமானப் படை விமானத்தில் நாடு திரும்பின. 2022-ல் உக்ரைன் போரின்போது, நாயையும் பூனையையும் விட்டுவிட்டு வர மறுத்து எல்லையில் நின்ற இந்திய மாணவர்களின் படங்கள் வெளியாகின. அவர்கள் தம் பிராணிகளை அழைத்துவர ஒருமுறை மட்டும் விதிகளைத் தளர்த்தி, கால்நடை பராமரிப்புத் துறை ஓரிரு நாள்களில் உத்தரவிட்டது. போர்க்காலத்தில் இரண்டு நாளில் முடிந்த முடிவு, அமைதிக்காலத்தில் ஏன் இயலவில்லை என்பதே கேள்வி.

விட்டுச் செல்லப்படும் நாய்கள்

மாதக்கணக்கான காத்திருப்பும், ரத்தப் பரிசோதனையும், கூண்டும், சரக்குக் கட்டணமும், முகவர் கட்டணமும் சேர்ந்தால் செலவு லட்சங்களில் முடிகிறது. வசதி படைத்தோர் சமாளிக்கின்றனர். மற்றோரில் சிலர் உறவினரிடமும் நண்பரிடமும் ஒப்படைக்கின்றனர். அதுவும் இயலாத சிலர், காரில் ஏற்றிச் சென்று அறியாத தெருவில் இறக்கிவிட்டுத் திரும்புகின்றனர். வீட்டுச் சோற்றில் வளர்ந்த நாய்க்குத் தெருவில் உணவு தேடவும் தெரியாது, எல்லை வகுத்து நிற்கும் தெருநாய்களிடம் தப்பவும் தெரியாது.

இது குற்றம். 1960-ம் ஆண்டு விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டத்தின் 11-வது பிரிவு, பசியாலோ தாகத்தாலோ வாடும்படி விலங்கைக் கைவிடுவதைத் தண்டனைக்குரியது என்கிறது. தண்டனை என்ன? முதல் குற்றத்துக்கு 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரை அபராதம். 1960-ல் அது ஒரு தொகை. இன்று விமான நிலையத்தில் ஒரு கோப்பை தேநீருக்குக்கூடப் போதாது. அபராதத்தை உயர்த்தும் திருத்த வரைவு 2022 நவம்பரில் மக்கள் கருத்துக்கு வெளியிடப்பட்டது. அதற்குப் பிறகு அதைப் பற்றிய பேச்சு அடங்கிவிட்டது.

இச்சட்டத்தின் பின்னால் ஒரு தமிழ்ப் பெண்மணி இருந்ததை இங்கு நினைவுகூர வேண்டும். மாநிலங்களவையின் நியமன உறுப்பினராக 1952-ல் பொறுப்பேற்ற ருக்மிணி தேவி அருண்டேல், விலங்கு வதைத் தடுப்புக்காகத் தனிநபர் மசோதா கொண்டுவந்தார். அரசே சட்டம் இயற்றும் என்ற பிரதமர் நேருவின் உறுதியை ஏற்று அதைத் திரும்பப் பெற்றார். அதன் விளைவே 1960-ம் ஆண்டுச் சட்டம். 1962-ல் அமைந்த விலங்குகள் நல வாரியத்தின் முதல் தலைவரும் அவரே. நீண்ட காலம் சென்னையில் இயங்கிய அந்த வாரியம், 2018-ல் ஹரியாணாவுக்கு இடம்பெயர்ந்தது.

கைவிடப்படும் நாய் தெருவின் சுமையாகிறது. அந்தச் சுமை 2025-ல் உச்ச நீதிமன்றம் வரை சென்றது. தில்லித் தெருநாய்கள் அனைத்தையும் காப்பகங்களில் அடைக்குமாறு நீதிபதிகள் ஜே.பி. பர்திவாலா, ஆர். மகாதேவன் அமர்வு ஆகஸ்ட் 11-ல் உத்தரவிட்டது. எதிர்ப்பு எழுந்ததும் மூன்று நீதிபதிகள் அமர்வு ஆகஸ்ட் 22-ல் அதை மாற்றி, கருத்தடையும் தடுப்பூசியும் செய்து பிடித்த இடத்திலேயே விட வேண்டும், வெறிபிடித்த, மூர்க்கமான நாய்களை மட்டும் விடக்கூடாது என்றது. தெருவில் திரியும் நாய்க்கு உரியவர் யார் என்பதில் நீதிமன்றம் நேரம் செலவிட்டது. நாயைத் தெருவுக்குக் கொண்டுவந்து விட்டவர் யார் என்ற கேள்வி பெரிதாக எழவில்லை.

பொறுப்பு யாருடையது?

அரசு நடைமுறையில் இப்பிரச்னை துண்டு துண்டாகக் கிடக்கிறது. ஏற்றுமதிச் சான்று கால்நடைத் துறையிடம். மனிதருக்கான தடுப்பூசி சுகாதார அமைச்சகத்திடம். இறக்குமதி உரிமம் வர்த்தக அமைச்சகத்திடம். தெருநாய் உள்ளாட்சி அமைப்பிடம். உறுப்பினர் கேள்வி கேட்டால் ஒவ்வொரு துறையும் தன் பங்கை மட்டும் சொல்லி, மீதியை மாநில அரசுகளின் அதிகார வரம்பு என்று முடித்துவிடுகிறது.

2021 செப்டம்பர் 28-ல் மத்திய அரசு வெளியிட்ட தேசியச் செயல் திட்டம், நாய் வழிப் பரவும் ரேபிஸை 2030-க்குள் ஒழிப்பதாக உறுதி கூறுகிறது. அதற்கு எஞ்சியிருக்கும் காலம் மிகக் குறைவு. ஒவ்வோர் ஆண்டும் எத்தனை நாய்களுக்குத் தடுப்பூசி போடப்பட்டது என்பதை மாவட்ட வாரியாக அவையில் வைக்க வேண்டும். ரேபிஸ் மரணங்களைக் குறைத்துக் காட்டாமல் உள்ளபடி பதிவு செய்ய வேண்டும். வெளிநாடுகள் ஏற்கும் தரத்தில் ரத்தப் பரிசோதனை செய்ய மேலும் பல உள்நாட்டு ஆய்வகங்களுக்கு அங்கீகாரம் பெற வேண்டும். வீட்டுப் பிராணியை வணிகக் கால்நடையிலிருந்து பிரித்து, காலவரையறையுடன் சான்றளிக்கும் சட்டம் வேண்டும். கைவிடுவோருக்கான அபராதம் உறைக்கும் அளவில் இருக்க வேண்டும்.

இவற்றால் முதலில் பயனடைவது விமானம் ஏறும் நாய் அல்ல. கடித்த காயத்தைக் கழுவக்கூட வழி தெரியாமல், அருகில் ஊசி கிடைக்காமல், கணக்கில் வராமல் சாகும் கிராமத்துக் குழந்தைதான். அந்தக் குழந்தையைக் காப்பாற்றுகிற நாடாக இந்தியா மாறும் நாளில், வெளிநாட்டுக் கதவுகள் நம் நாய்களுக்கும் தாமாகவே திறக்கும்.